இருபத்தைந்து நாள் பயிர்

புத்தூரில் எலும்புக்குக் கட்டு போடும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்திருந்தது. அரைத்த பச்சிலையின் வாசனையோடு முட்டை வெள்ளைக்கருவின் கவிச்சியும் வந்தது. சுவரோரம் மூங்கில் பட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கையைத் தூக்கிப் பிடித்தவர்களும் காலை நீட்டி வைத்தவர்களுமாக எல்லோரும் யார் எப்படி விழுந்தோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பாப்பம்மா அத்தை முந்தின நாள் மாலை பம்புசெட்டுத் தொட்டியருகே பாசியில் வழுக்கி விழுந்திருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி உருண்டிருந்தது. அதை இடது கையில் ஏந்தி, பிறத்தியார் பொருளைப் பத்திரமாகப் பிடித்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். அவள் நைனாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.

நோட்டில் பெயர் எழுதுகிறவர் தெலுங்கில் கேட்டார். "வயசெந்தம்மா?"

"நூறுன்னு எழுதிக்கோ."

அவர் சிரித்தபடி எழுதப் போனார். நான் தடுத்தேன். யாருடைய நோட்டாக இருந்தாலும் அதில் ஒரு தப்பு எண் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"இருங்க சார், சரியா சொல்றேன். அத்தே, நைனாவ விட நீ எத்தினி வருஷம் பெரியவ?"

"நாலு."

நைனாவின் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். நாலைக் கழித்தேன். "எண்பத்தொண்ணு சார். எழுதிக்கோங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் தன் உடைந்த காலை இழுத்துக்கொண்டார்.

"யாருக்குடா எண்பத்தொண்ணு? எனக்கு இன்னும் எண்பதே ஆவல."

ஒரு கிழவியின் பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்று எனக்கு மிச்சமிருந்தவை இருபத்தாறு நாட்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

நைனா போன வயது

இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே ஆசிரியர் என் தேதிகளையெல்லாம் அடித்துவிட்டார். "கல்வெட்டு மாதிரி இருக்கு சார்" என்றார். ஆகையால் தேதி சொல்லவில்லை. வயதை மட்டும் சொல்கிறேன்.

நைனா சித்தூரில் ஒரு மாணவர் விடுதியில் வேலை பார்த்தார். ஒரு முற்பகலில் ஊருக்கு வருவதற்காகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மணி என்ன என்று கேட்டார். அவர் பதினொன்றே முக்கால் என்று சொன்னார். "சொன்னேன் தம்பி, அவர் காதுல உயுந்துச்சா தெரியல" என்று அந்த மனிதர் பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்துதான் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை, பஸ் கட்டணம், ஊரில் நடந்த சாவு, பிறப்பு, சந்திரகிரிக் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றி வந்து படித்த கல்லெழுத்து, எல்லாம் அதில் உண்டு.

பள்ளிச் சான்றிதழின்படி நைனா இறந்தபோது வயது ஐம்பத்து நான்கு வருடம், ஏழு மாதம், பன்னிரண்டு நாள்.

எனக்கு ஐம்பத்து மூன்று முடிந்த வாரத்தில், ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மார்பை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருந்தது. டிரைவர் பஸ்ஸைத் திருப்பித் திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் கேட்டார், "உங்க ஃபாதருக்கு ஹார்ட் ப்ராப்ளம் உண்டா? எந்த ஏஜ்ல?"

வருடம், மாதம், நாள் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். "இவ்ளோ கரெக்டா யாரும் சொன்னதில்ல" என்றார். பிறகு, இனி பயமில்லை, மாத்திரை சாப்பிட்டு நடந்துகொண்டிருந்தால் போதும் என்றார்.

அவர் போனபின் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். நைனாவுக்கு இருந்த குரல் எனக்கு. நைனாவுக்கு இருந்த வழுக்கை, அதே இடத்தில். முழங்கால் வரை தொங்கும் அதே நீளமான கைகள். நைனா போன வயதை நான் எட்ட இன்னும் பத்தொன்பது மாதம்.

அந்தத் தேதிக்கு மேல் என் மனம் ஒரு நாளும் போகவில்லை. அங்கே சுவர் எழுப்பியிருந்தது.

கரும்பிலிருந்து கீரைக்கு

படித்ததற்குக் குறைவில்லை. மரண பயம் அறியாமை என்று எழுதியவர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் படித்திருக்கிறேன். பிரமாதமாக எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொள்வேன். தொண்ணூற்றெட்டு காட்டும். அதையும் நம்பமாட்டேன், பேட்டரியை மாற்றி மறுபடி பார்ப்பேன்.

நான் வேலை செய்வது கம்பெனி ஸ்டோரில். பசை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் காலாவதித் தேதி. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போக வேண்டும் என்பது விதி. ஒரு நாள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று யோசித்ததில் லாரிக்காரன் ஹாரன் அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

இதெல்லாம் வெளியில் தெரியவில்லை. தெரிந்தது நிலத்தில்.

பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். நைனாவின் பெற்றோர் கூலிக்கு உழைத்த அதே நிலம். அதை வாங்கிய கதையை முன்பே எழுதிவிட்டேன். என் மனைவி வசந்தாவுக்கு அங்கே ஒரே ஆசைதான். முழுக்க மா வைக்க வேண்டும், அதுவும் கிளிமூக்கு. எங்கள் ஜில்லாவில் எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. நமக்கென்று ஒன்று வேண்டும் என்பாள்.

"மா காய்க்க நாலஞ்சு வருஷம் ஆவும்" என்றேன்.

"ஆவட்டுமே. நாம எங்க ஓடிப் போறோம்?"

மாவை விட்டுவிடலாம் என்றேன். கரும்பு வைக்கலாம் என்றாள். கரும்பு ஒரு வருஷப் பயிர், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பும் வரும். வேண்டாம் என்றேன். வேர்க்கடலை போட்டோம், நாலு மாதம். அது முடிந்ததும் தக்காளி. அப்புறம் கொத்தவரை. எனக்கு மிச்சமிருந்த நாட்களுக்குள் அறுவடை முடிகிற பயிராகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நாள் குறையக் குறையப் பயிரும் குட்டையாகிக்கொண்டே வந்தது.

கடைசியாக முளைக்கீரைக்கு வந்து நின்றேன். இருபத்தைந்து நாள் பயிர்.

இரண்டு ஏக்கரில் கீரை போட்டால் யார் பறிப்பது, யார் தின்பது? எங்களுக்கு உழவு ஓட்டும் சுப்ரமணி டிராக்டரை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஏம் சார், வரவர சின்னதாயிக்கினே போவுதே. அடுத்தாப்ல இன்னா, மொளகட்டின பயறா? அது ரெண்டே நாளு."

வசந்தா சிரிக்கவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. கொத்தவரைக்கும் கீரைக்கும் நடுவில் எப்போதோ என் மருந்துச் சீட்டின் பின்புறத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சொல்லவில்லை. தோட்டக்கலை ஆபீசுக்குத் தனியாகப் போய், மாங்கன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஆவணி முதல் வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அங்கே சொன்னார்களாம்.

"எடுத்தாறலாமா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்றேன். ஆவணி முதல் வாரத்தில்தான் என் சுவரும் இருந்தது.

தலையை அமுக்கிய கை

புத்தூர் பெஞ்சுக்குத் திரும்புகிறேன். எங்களை அங்கே கொண்டுவந்தது சுப்ரமணிதான், தன் சின்ன யானை லோடு வண்டியில். அத்தையும் வசந்தாவும் முன்னால், நான் பின்னால் கீரைக்கட்டுகளோடு.

"அத்தே, நைனாவோட சர்டிபிகேட் என்கிட்ட கீது. அதுல தேதி தெளிவா போட்டுக்கீறாங்க" என்றேன்.

"சர்டிபிகேட்டா?" அத்தை சிரித்தாள். சிரித்ததில் மணிக்கட்டு அசைந்து, "யம்மா" என்றாள். வலி அடங்கும் வரை காத்திருந்து சொன்னாள், "அத்த வாங்கிக் குடுத்ததே நான்தாண்டா."

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. கட்டு போடுகிறவர் அவள் கையைப் பிடித்து, விரல்களை வருடிக்கொண்டே இருந்து, சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தார். எனக்குத்தான் கண் இருட்டியது. அத்தை விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.

"எனக்குப் பள்ளிக்கூடம் போவணும்னு ஆச. எங்கம்மா நெலத்துக்குப் போயிரும். தம்பிய யாரு பாத்துக்கறது? இவன வுட்டுட்டு நான் எப்டி போவ? சரி, இவனையும் சேத்துட்டா ரெண்டு பேரும் போலாமேன்னு இட்டுக்கினு போனேன். அப்ப எனக்கு ஏழு, எட்டு. அவனுக்கு மூணு முடிஞ்சிருக்கும்."

"மூணு வயசுல எப்டி சேத்தாங்க?" என்றேன்.

"காதத் தொடணும். தெரியாது உனக்கு?"

தெரியும். பிறந்த தேதி எழுதி வைக்காத காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள்.

"மூணு வயசுக் கொயந்தைக்கு எட்டாதே அத்தே."

"நம்ம வூட்டு ஆளுங்களுக்குக் கைதான் நீட்டாச்சே. கொஞ்சூண்டுதான் எட்டல." கட்டு போடாத இடது கையை அத்தை நீட்டினாள். "இங்க வா. குனி."

குனிந்தேன். ஐம்பத்து நான்கு வயது ஆளின் உச்சந்தலையில் கையை வைத்து, வலது தோள் பக்கமாகச் சாயுமளவுக்கு அமுக்கினாள். "பின்னாடி நின்னு இப்டி அமுக்கினேன். இப்ப தொடு."

தொட்டேன். காதைத் தாண்டித் தாடை வரை எட்டியது. பெஞ்சிலிருந்தவர்கள் கையும் காலும் உடைந்ததை மறந்து சிரித்தார்கள்.

"பெரிய வாத்தியாருக்கு நான் அமுக்கினது தெரியும். பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டாரு. அவருக்குப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தலக் கணக்கு வேணும். அஞ்சு வயசுன்னு எழுதிக்கினாரு. எனக்கு நெசமான வயசத்தான் எழுதினாங்க. அதுல எதுக்குடா ரெண்ட ஏத்தற?"

அப்போதுதான் வசந்தா அத்தையிடம் வாயைத் திறந்தாள். "இவரு எதுக்குக் கேக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுமா சித்தீ? மாமா செத்த வயசுக்கு நாள் எண்ணிக்கினு கீறாரு. அந்தத் தேதிக்கு மேல ஒண்ணுமே நட மாட்டேங்கறாரு."

மிச்சம் இருபத்தாறு நாள் என்றும் சரியாகச் சொன்னாள். சீட்டைப் பார்த்த நாளிலிருந்து அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் அமுக்கினதுக்கு நீ எண்ணிக்கினு கீறியாடா?"

கிணற்றுக் கல்

அத்தையின் பேச்சை மட்டும் வைத்து ஒரு தேதியை மாற்றுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஆதாரம் வேண்டும்.

வண்டி திரும்பும்போது பின்னாலிருந்து கத்திக் கேட்டேன். "நைனா பொறந்தது எப்பன்னு வேற எதாவது அடையாளம் கீதா அத்தே?"

"இன்னாடா கேள்வி? நம்ம கெணத்துல தண்ணி வந்த வாரம். எங்கம்மா வவுத்த சாச்சுக்கினு மண்ணு சொமந்துச்சு. தண்ணி வந்துது, மூணா நாள் இவன் வந்தான். மேட்டுக் கல்லுல எழுத்து வெட்டிக்கினு இருந்தாங்க, அந்தச் சத்தத்துல தூங்க மாட்டேன்னு அழுவான்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரே நிலத்துக்குப் போகச் சொன்னேன்.

அந்தக் கிணறு இப்போது எங்கள் நிலத்தில் இருக்கிறது. வற்றிப்போய் உள்ளே வேம்பு முளைத்திருக்கிறது. மேட்டுக் கல்லில்தான் சுப்ரமணி சாப்பாட்டுத் தூக்கை வைப்பான். நிலம் வாங்கிய வாரமே அந்தக் கல்லில் கோதுமை மாவு தடவி, தெலுங்கு எழுத்தைப் படித்து, வருஷத்தையும் மாதத்தையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவன் நான். சந்திரகிரியில் யாரோ ராஜாக்களின் வருஷத்தையெல்லாம் சரிபார்த்தவன், என் நைனாவின் வருஷத்தின்மேல் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நண்பகல் வெயிலில் கல் சுட்டது. தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். அத்தை கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றாள். வருஷத்தின் பெயரைப் படித்தேன். மாதத்தைப் படித்தேன். மூன்று முறை கூட்டிக் கழித்தேன்.

நைனா இறந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வருடம், ஐந்து மாதம். ஒரு வாரம் முன்னே பின்னே.

"எத்தினி?" என்றாள் வசந்தா.

"நான் தாண்டிட்டேன்" என்றேன். "ரெண்டு வருஷமாச்சு."

அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். சுப்ரமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏதோ நல்ல சேதி என்று தெரிந்து வண்டி ஹாரனை ஒரு முறை அடித்தான்.

குறிப்பிட ஒன்றும் இல்லை

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்புகளை இறக்கினேன். நைனாவின் உண்மையான வயதை நான் எட்டிய நாள் எது என்று கல்லை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்த மாதம் முழுவதையும் படித்தேன்.

கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். வசந்தா புது மிக்ஸி ஜாடியின் மூடியைத் தொலைத்தாள். சந்திரகிரியில் மழை, கோட்டை வாசலில் ஒதுங்கி பஜ்ஜி தின்றோம், இரண்டு தட்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கினார், நிறம் நன்றாயில்லை.

அந்த மாதத்தின் நடுவில், ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு வரி. "இன்று குறிப்பிட ஒன்றும் இல்லை."

அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வசந்தா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

அதற்கு ஏழு மாதம் கழித்துத்தான் கம்பெனி பஸ்ஸில் மார்பு அழுத்தியது. அதாவது, நைனாவைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோனது என்னையும் தேடி வந்தது, சற்றுத் தாமதமாக. வந்தது, என்னைப் பார்த்தது, ஒரு டிரைவரிடமும் ஒரு டாக்டரிடமும் தோற்றுப் போய்விட்டது. நான் தப்பித்து வெளியே வந்த வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகும் நாளைப் பதினெட்டு மாதம் எண்ணியிருக்கிறேன்.

பயம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வயதை வைத்து ஒருவருக்கும் ஆயுள் எழுதிக் கொடுக்கப்படவில்லை என்று தெரியும். இப்போதும் சில நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்போது அந்தப் பழைய முழங்கால் மார்பருகே வந்து நிற்கும். ஆனால் அதனிடம் இப்போது தேதி இல்லை. தேதியில்லாத பயத்தோடு குடித்தனம் நடத்தலாம், எல்லோரும் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

ஆவணி முதல் வாரத்தில், நான் சுவர் எழுப்பி வைத்திருந்த அதே நாளில், கீரையை உழுதுவிட்டு மாங்கன்று நட்டோம். சின்ன யானையில் வந்து இறங்கிய ஒட்டுக் கன்றுகளைக் குழிக்குழியாக வைத்தோம். அத்தை கட்டுப் போட்ட கையால் வேலை சொல்லிக்கொண்டே இருந்தாள். "கோணையா கீது பாரு. கண்ணு தெரியலயா? என்னைவிடக் கெழவனாட்டம் கீறியே."

அன்று நாட்குறிப்பில் நான் எழுதியது: "மா நட்டோம். முதுகு வலி. பசி."

பூ

நட்ட இரண்டாம் வருஷம், இந்தத் தை மாதம், கன்றுகள் முதல் பூ விட்டன. இடுப்புயரம்கூட இல்லாத செடி, அதற்குள் நுனியில் கொத்தாகப் பூ. காலை வெயிலில் அந்த வாசனை கிணற்று மேடு வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் வசந்தாவும் வரிசை வரிசையாகப் போய் அவ்வளவு பூவையும் கிள்ளிப் போட்டோம்.

இளஞ்செடியைக் காய்க்க விட்டால் அது வளராது. முதல் சில வருஷம் பூவைக் கிள்ளிவிட வேண்டும். தோட்டக்கலை ஆபீசில் சொன்னார்கள், ஊரிலும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இருபத்தைந்து நாளுக்கு மேல் எதையும் நம்பாதவன், கைக்கு வந்த பூவைக் கீழே போட்டுக்கொண்டே நடந்தேன். விரல் நுனியெல்லாம் பிசுபிசுத்தது. அத்தை மேட்டுக் கல்லில் உட்கார்ந்து, கட்டு பிரித்து ஒரு வருஷத்துக்கு மேலான கையால் கண்ணுக்கு மறைப்பு வைத்துக்கொண்டு, நான் விட்டுவிட்ட செடிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சுப்ரமணி பார்த்துக்கொண்டே இருந்தான். அவனால் பொறுக்கவில்லை.

"பூவெல்லாம் கிள்ளிட்டா காய் எப்ப சார்?"

"அடுத்த வருஷமும் கிள்ளணும்பா. அதுக்கு அப்பால வுட்டாதான் காய்."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினான்.

"அப்ப மொளகட்டின பயறு வாணாமா சார்?"

"அதையும் எடுத்தா," என்றேன். "பசிக்குது. துன்னலாம்."